கையெழுத்துப் போட வந்தவர்

இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பறந்த பிளாஸ்டிக் நாற்காலி, கீழே பஞ்சர் கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்மேல் விழுந்து, அங்கிருந்து எகிறி, நின்றிருந்த ஓர் ஆட்டோவின் கூரைமேல் நாலு காலும் ஊன்றி உட்கார்ந்துகொண்டது. ஆட்டோக்காரர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடியேறி வந்து கிளெமென்ட்டின் மேசைக்கு முன்னால் இறக்கினார்.

"உங்க ஸ்கூல்துதானே சார்? நம்பர் போட்டிருக்கு. பதினாலு."

"ஸ்கூல் இல்லைங்க, மையம்," என்றார் கிளெமென்ட்.

"எதுவோ ஒண்ணு. அடுத்தது பெஞ்சு வருமா, இல்ல இவ்ளோதானா? வண்டியைத் தள்ளி நிறுத்தணும், அதுக்குக் கேக்கறேன்."

கிளெமென்ட் மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோக்காரரைக் கீழே அனுப்பிவைத்தார். பிறகு அலமாரியிலிருந்து, தப்பு நடந்தால் எழுதி வைக்கிற இன்சிடென்ட் ஃபார்ம் ஒன்றை எடுத்தார். நாற்காலியை எறிந்த மாணவன் குணசேகருக்கு அந்த மாதத்தில் அது மூன்றாவது.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தப் புதுவழி மையம். மற்ற பள்ளிக்கூடங்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் அங்கே திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தார்கள். படித்தார்கள் என்பது அறிக்கைகளில் எழுதுகிற வார்த்தை.

கிளெமென்ட்டுக்கு அங்கே நடத்தையைக் கவனிக்கிற வேலை. பதவியின் பெயர் பிஹேவியர் கோஆர்டினேட்டர். கோலார் தங்கவயலில் இருபது வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவர். அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்ட பிறகு, தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூர் வந்து போகிறார். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். நாலு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அவர் ஒட்டிய நட்சத்திர அட்டவணையை யாரோ நட்சத்திரங்களோடு திருடிவிட்டார்கள். தப்புச் செய்தவர் தனியாக உட்கார வேண்டிய மூலை ஒன்றையும் ஏற்படுத்தினார். அந்த மூலையில்தான் மின்விசிறி சரியாக ஓடும் என்பதால், வெயில் காலத்தில் அங்கே உட்கார வரிசை நின்றது.

மிச்சமிருந்தது ஏழாவது விதி. ஒரே மாதத்தில் மூன்று ஃபார்ம் சேர்ந்தால், மூன்று வேலை நாளுக்குள் அப்பாவோ அம்மாவோ, அவர்கள் இல்லாவிட்டால் உறவினரோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் ரிஜிஸ்டரில் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். கிளெமென்ட் இந்த நாலு மாதத்தில் இரண்டு பெயர்களை அடித்திருந்தார். அதில் ஒருவனைப் பிறகு ரயில் நிலையத்தில் பார்சல் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தார். அவன் "குட் மார்னிங் சார்" என்றான். கிளெமென்ட் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

இப்போது குணசேகர் எதிரே நின்றான்.

"எதுக்குடா எறிஞ்ச?"

"கால் ஆடுது சார் அந்தச் சேர்ல."

"கால் ஆடினா ஜன்னல் வழியா எறிவியா?"

"ரெண்டு மாசமா சொல்றேன் சார். யாரும் கேக்கல. இப்ப பாருங்க, எல்லாரும் கேக்கறீங்க."

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா."

"அவர் வர மாட்டார் சார்."

"வரலைன்னா உன் பேர் இருக்காது."

பையன் நாற்காலியின் ஆடுகிற காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பிறகு, "யாராச்சும் வந்தா போதுமா சார்?" என்றான்.

"அப்பா வரணும்."

மூன்றாம் நாள் காலை, அப்பா வந்தார்.

ஐம்பத்தைந்து வயசிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா. செருப்பை மாடிப்படியின் அடியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னதும், "பரவால்ல சார்," என்று நின்றுகொண்டே கேட்டார். தண்ணீர் கொண்டுவந்த ஆயா சரசு, டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கிளெமென்ட் மூன்று ஃபார்மையும் படித்துக் காட்டினார். சாதாரணமாக இந்த இடத்தில் பெற்றோர் செய்வது இரண்டு காரியம்: பையனை அறைவார்கள், அல்லது மையத்தைத் திட்டுவார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை.

"மத்தியானம் சாப்பிடறானா சார்?"

"அது... சாப்பிடுவான்."

"யார்கூட உக்காந்து சாப்பிடறான்?"

கிளெமென்ட்டுக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் குணசேகர் பக்கம் திரும்பி, "ஏன்பா எறிஞ்ச?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போனது. அவ்வளவு நேரமும் காத்திருந்தார். கடைசியில் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எறிய மாட்டேன்," என்றான். அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்: பச்சைமுத்து.

குணசேகர் அன்றிலிருந்து பத்து நாள் ஒரு பென்சிலைக்கூட எறியவில்லை.

கிளெமென்ட் உற்சாகமாகிவிட்டார். தலைமைப் பொறுப்பிலிருந்த சுப்புலக்ஷ்மி மேடத்துக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதினார். குணசேகரின் தந்தையைப் போன்ற ஒரு பெற்றோரைத் தன் இருபது வருஷ அனுபவத்தில் கண்டதில்லை என்று அதில் ஒரு வரி. மேடம் நாலு தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற குடும்பம், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். தாத்தா அரசாங்கத்தில் பெரிய பதவி. எதையும் ஆணையாக மாற்றிவிட்டால் அது நடந்துவிடும் என்கிற நம்பிக்கை அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது.

"நோடி கிளெமென்ட், பாருங்க, இதுதான் வழி. இனிமே மூணு ஃபார்ம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஒரு ஃபார்ம் ஆனாலே பேரன்ட் வரணும். நோட்டீஸ் போட்டுடுங்க."

தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அதுதான் வினை.

அடுத்த வாரம் சங்கமித்ரா, கிளெமென்ட்டின் அலமாரிப் பூட்டுக்குள் பசையைப் பிழிந்து ஊற்றினாள். ஃபார்ம் புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டதால் அவளுக்கு ஃபார்ம் எழுதவே ஒரு நாள் தாமதமானது. வீட்டிலிருந்து ஆள் வரச் சொன்னார். மறுநாள் ஒன்பதரை மணிக்கு மாடிப்படியில் வெறுங்கால் ஓசை கேட்டது. அதே வெள்ளைச் சட்டை, அதே பேனா.

கிளெமென்ட் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க குணசேகரோட அப்பா இல்ல?"

"ஆமா சார்."

"இங்க?"

"சங்கமித்ராவுக்கு மாமா ஆவணும் சார்."

"எப்படி ஆவணும்?"

பச்சைமுத்து யோசித்தார். சங்கமித்ராவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். "கொஞ்சம் சுத்துவழியா ஆவணும் சார்," என்றார்.

கிளெமென்ட் ஒரு காகிதத்தின் பின்பக்கம் அம்புக்குறி போட்டு, உறவுமுறையைக் கண்டுபிடிக்கப் பார்த்தார். குணசேகர் வீட்டார் சிலுவை மாட்டியவர்கள். சங்கமித்ரா வீட்டார் பௌத்தர்கள். எப்படிப் போட்டாலும் நடுவில் ஒரு கல்யாணம் குறைந்தது. அதற்குள் பச்சைமுத்து அந்தப் பெண்ணிடம், "பூட்டுமேல என்னம்மா கோவம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார். அவள், அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய தன் படம் வரைகிற நோட்டு இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை என்றாள். நோட்டு அங்கேதான் இருந்தது. கிளெமென்ட் அதை மறந்தே போயிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. கிளெமென்ட்டுக்கு அது தெரியும். ஆனால் சொன்னால் குணசேகரின் ஃபார்ம் பொய்யாகும், பெயர் போகும். தன் இரண்டு பக்க அறிக்கை கேலியாகும். இன்னும் இரண்டு மாதத் தகுதிகாண் பருவம் பாக்கி. கடைசியில் 'உறவினர்' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்தார்.

அந்த டிக்கை யார் பார்த்தார்களோ தெரியாது. மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்து ஸ்ரீகண்டன். பெரிய பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். அப்பா, அம்மா இருவருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, இருவரும் எப்போதும் மீட்டிங்கில் இருப்பார்கள். அவன் தீயணைப்புக் கருவியைத் திறந்துவிட, கணக்கு வாத்தியார் வெள்ளை நுரைக்குள்ளிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் பச்சைமுத்து வந்தபோது நெற்றி நிறைய நாமம்.

"இன்னைக்கு யாரு?" என்று கேட்டார் கிளெமென்ட், களைத்த குரலில்.

"ஸ்ரீகண்டனோட சித்தப்பா சார்."

"நாமம் எதுக்கு?"

"அவன்தான் போட்டுக்கிட்டா பொருத்தமா இருக்கும்னான்."

"அவன் வீட்ல விபூதி பூசறவங்க. ஃபைல்ல போட்டோ இருக்கு."

"அப்படியா சார்," என்று பச்சைமுத்து வருத்தத்தோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பையன் சரியா சொல்லலை."

அந்த வாரம் மட்டும் பதினோரு ஃபார்ம், பெரும்பாலானவை இன்னும் கையெழுத்தாகவில்லை. குழாய் உடைந்தது. கரும்பலகை குப்புறக் கிடந்தது. எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற ஜோசபின், ஷூவைக் கழற்றி ஜன்னல் கண்ணாடியை ஓங்கி அடித்து நொறுக்கிவிட்டு, தானாகவே கிளெமென்ட்டின் அறைக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"நான்தான் சார் உடைச்சேன். நாளைக்கே அப்பாவை வரச் சொல்லவா?"

கிளெமென்ட் ஃபைலைத் திறந்து பார்த்தார். ஜோசபினின் அப்பா இறந்து பத்து வருஷம். அவள் முகத்தைப் பார்த்தார். பிறந்தநாளுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப்போல நின்றாள். ஃபைலை மூடிவிட்டு ஃபார்மை எடுத்தார்.

மறுநாள் பச்சைமுத்து வந்து கையெழுத்துப் போட்டபின், இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவளுடைய கணக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பச்சைமுத்துவுக்குக் கணக்கு தெரியவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும், "இது நீயே போட்டதா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஒவ்வொரு பக்கத்துக்கும் "ஆமா" என்றாள்.

இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று கிளெமென்ட் தீர்மானித்தார். ஃபைலில் இருந்த எண்ணுக்கு, குணசேகரின் நிஜ அப்பாவுக்கு, போன் செய்தார். உங்கள் பையன் நாற்காலி எறிந்தான், நீங்கள் வரவில்லை, வேறொருவரை அப்பா என்று காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டான் என்று விவரமாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு போன் வைக்கப்பட்ட சத்தம்.

மறுநாள் குணசேகர் வந்தான். கீழுதடு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை.

கிளெமென்ட் அவனை உட்காரவைத்தார். "அப்பாவா?"

"நீங்கதான சார் போன் பண்ணீங்க."

"டேய், நான் எதுக்கு... நீ எதுக்குடா ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்த?"

"நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வான்னீங்க. இருக்கிறதுல நல்லவரா பாத்துக் கூட்டிட்டு வந்தேன் சார்," என்றான் குணசேகர். உதடு வீங்கியிருந்ததால் 'நல்லவரா' என்ற சொல் சரியாக வரவில்லை.

கிளெமென்ட் அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அவன் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று முதல்முறையாகப் போய்ப் பார்த்தார். தனியாக உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டை மெல்ல முடியாமல், தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"கிளெமென்ட், சனிக்கிழமை டிரஸ்டிகள் வர்றாங்க. பேரன்ட்ஸ் டே வெச்சுடலாம். உங்க ரிப்போர்ட்டை அனுப்பினேன். டெல்லியிலேர்ந்து வர்ற சேர்மனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்தக் குணசேகரோட அப்பா மேடையில அஞ்சு நிமிஷம் பேசணும்."

"மேடம், அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"சும்னே பேசட்டும். மனசிலேர்ந்து பேசினா போதும்."

கிளெமென்ட் இரவெல்லாம் ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதி அடித்துக்கொண்டிருந்தார். காலையில் குணசேகரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு போனார். ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில், தள்ளுவண்டியில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் பச்சைமுத்து. விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"மேடை மட்டும் வேணாம் சார். மைக் முன்னாடி நின்னு அப்பன்னு சொல்லிக்க எனக்கு வாய் வராது."

"இத்தனை நாள் வந்துச்சே?"

"அது கையெழுத்து சார். இது பேச்சு."

"நீங்க வரலைன்னா விஷயம் வெளிய வரும். குணசேகர், சங்கமித்ரா, ஸ்ரீகண்டன், ஜோசபின், நாலு பேர் பேரையும் அடிச்சுடுவாங்க."

அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. வண்டியில் கிடந்த யாருடைய சட்டையையோ நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்றார்.

சனிக்கிழமை நாற்பது நாற்காலி போட்டார்கள். வந்த பெற்றோர் ஏழு பேர். டிரஸ்டிகள் ஐந்து பேர். சேர்மனுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது, எல்லாவற்றுக்கும் புன்னகைத்தார். மேடம் மைக்கில், "ஒரு முன்னுதாரணமான தந்தை, குணசேகரின் தந்தை திரு. பச்சைமுத்து," என்று அறிவித்தார். பச்சைமுத்து ஏறி நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பேச வரலை. கூப்பிட்டாங்க, வந்தேன். கூப்பிட்டா வரணும். எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு வரணும். அவ்ளோதான்."

ஏழு பெற்றோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிளெமென்ட் மெல்ல மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி உருண்டது.

"யார்ரா அவன்? குணசேகருக்கு அப்பன் நான்டா!"

காலை பதினோரு மணிக்கே போதையில் கால் நிலைகொள்ளாமல் ஓர் ஆள் முன்னால் வந்தார். கிளெமென்ட்டின் போனுக்கு நேரில் வந்து அவர் தந்த பதில் அது. குணசேகர் சட்டென்று சுவரோரம் ஒதுங்கி, கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். பச்சைமுத்து மேடையிலிருந்து இறங்கி, பையனுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நின்றார்.

"அடிக்கறதுன்னா என்னை அடிங்க."

"நீ யார்ரா நடுவுல?"

ஸ்ரீகண்டனின் அம்மா, காதில் போனோடு எழுந்தார். "ஒன் மினிட், வீட்டுக்கு வந்த ஃபார்ம் காப்பியில எங்க வீட்டுச் சித்தப்பான்னு இருந்தது இவர் பேர்தானே? எங்க வீட்ல சித்தப்பாவே கிடையாதே!"

"எனக்கு மாமா!" என்று எழுந்தாள் சங்கமித்ரா.

"எனக்கு அப்பா!" என்றாள் ஜோசபின். அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்ரீ இது, என்ன இதெல்லாம், கிளெமென்ட்?" என்றார் மேடம். மைக் மறுபடி அவர் கைக்கு வந்திருந்ததால் அது தெருவரைக்கும் கேட்டது.

கிளெமென்ட் தரை பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் கைதட்டல் ஓசை எழுந்தது. சேர்மன் எழுந்து நின்று தட்டினார். கண்ணில் நீர். பொறுப்பில்லாத தந்தை, பொறுப்புள்ள தந்தை என்று பிள்ளைகளே எழுதி நடித்த நாடகம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு இயல்பான குடிகாரன் வேஷத்தைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். மற்ற நாலு டிரஸ்டிகளும் தட்டினார்கள். மேடம் ஒரு விநாடி யோசித்தார்; நாலு தலைமுறை அனுபவம் கைகொடுத்தது. அவரும் தட்டினார். சேர்மனுக்கென்று வாங்கி வைத்த பூங்கொத்தை யாரோ குணசேகரின் நிஜ அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாழ்நாளில் யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை போலிருக்கிறது. பூங்கொத்தோடு உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை. மறுநாளைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது.

கார்கள் போனதும் மேடம் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்புப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"நாலு ஃபார்மும் பொய். ஏழாவது விதிப்படி நாலு பேரையும் அடிங்க. அப்புறம் உங்க விஷயம் பேசலாம்."

கிளெமென்ட் பேனா மூடியைக் கழற்றினார். குணசேகரின் பெயர்மேல் முனையை வைத்தார். கை நகரவில்லை. ஜன்னலில் ஜோசபின் உடைத்த கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த அட்டை காற்றில் படபடத்தது. குட் மார்னிங் சொன்ன அந்தப் பார்சல் வண்டிப் பையனின் பெயரும் அதே பக்கத்தில், மேலே நாலாவது வரியில், கோட்டுக்கு அடியில் இருந்தது.

"முடியாது மேடம்."

"என்ன முடியாது?"

"ஃபார்ம் பொய்தான். நிஜமாக்கிடறேன். நாலுத்துலயும் கார்டியன்னு நான் கையெழுத்துப் போடறேன். மத்தியானம் அவங்க யாரோட உக்காந்து சாப்பிடறாங்கன்னு இனிமே நான் சொல்றேன். பேரை அடிச்சே ஆகணும்னா முதல்ல என் பேரை அடிங்க."

"உறவுன்ற கட்டத்துல என்ன எழுதுவீங்க?"

"பிஹேவியர் கோஆர்டினேட்டர்."

மேடம் ரிஜிஸ்டரை மூடினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆயித்து, சரி. ஆனா அந்த ஆள் இனிமே இந்தப் படியில கால் வைக்கக் கூடாது. ஆள்மாறாட்டம் பண்ணினவன். நாளைக்கு எந்த நோக்கத்தோட வருவான்னு யாருக்குத் தெரியும்?"

அதை மறுக்கக் கிளெமென்ட்டுக்கு வழியில்லை. நியாயமான பேச்சுதான். கீழே இறங்கி வந்தார். சரசு படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சர் கடை டயர்களுக்குப் பக்கத்தில் பச்சைமுத்து நின்றிருந்தார். கலவரத்தில் யாரோ செருப்பை மிதித்துத் தள்ளியிருந்தார்கள். ஒன்றைக் கையில் பிடித்திருந்தார், மற்றதைக் காணோம்.

"பேர் இருக்கா சார்?"

"இருக்கு."

"நாலும்?"

"நாலும் இருக்கு. ஆனா நீங்க இனிமே இங்க வரக் கூடாதுங்க. மேடம் உத்தரவு. இந்தத் தடவை போலீசுக்குப் போகலை, அடுத்த தடவை போவாங்க."

"சரி சார்," என்றார் பச்சைமுத்து. அது தனக்குச் சேர வேண்டியதுதான் என்பதுபோலத் தலையாட்டினார். மேலே ஜன்னலில் நாலு தலைகள் தெரிந்தன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்பை டயர்மேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாலத்துப் பக்கம் நடந்தார்.

கிளெமென்ட் அவர் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கனமாகவும், ஏனோ கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

"ஆள்மாறாட்டம்தான், தப்புதான்," என்றார் சரசுவிடம். "ஆனா ஒண்ணு சொல்லணும் சரசம்மா. யார் யார் பிள்ளைக்கோ இப்படி ஓடி வர்றாரே, இந்த மனுஷனோட சொந்தப் பிள்ளை கொடுத்து வெச்சவன்."

சரசு பெருக்குவதை நிறுத்தினாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஆறு வருஷம் முன்னாடி அந்தப் பிள்ளை பேரை இதே ரிஜிஸ்டர்ல அடிக்கறதுக்கு முன்ன, நானே மூணு நாளும் நடந்து போய் இவரைக் கூப்பிட்டேன் சார், துணி நிறைய கிடக்குதுன்னு ஒரு தடவைகூட வரலை."